தாராக்களைக் கொன்றது எது

மன்னார் பாப்பாமோட்டையில் தாராக்கள் சாகத் தொடங்கியது மார்ச் மாதம் இரண்டாம் கிழமை. முதல் நாள் அறுபதுக்குக் கிட்ட. மறுநாள் எண்ணியபோது நூற்று முப்பது. குளிர்நாடுகளிலிருந்து மாரிக்கு வந்து, வெயில் ஏறத் திரும்பிப் போகவிருந்த நீலச்சிறகித் தாராக்கள் என்கிற சிறு காட்டு வாத்துகள்தான் அதிகம். வயலுக்கும் உவர்வெளிக்கும் நடுவில் ஒரு சிறு குளம் உண்டு. வற்றிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரில், தலையை உள்ளே தொங்கவிட்டபடி அவை மிதந்தன.

நான் எட்வேட். கால்நடை வைத்தியக் கந்தோரில் இருபத்திரண்டு வருட வேலை. மாடு பிடிப்பது, தடுப்பூசிப் பெட்டி தூக்குவது, படிவம் நிரப்புவது எல்லாம் நான்தான். எங்கள் ஆட்கள் தாழ்வுபாட்டில் கடற்றொழில் செய்பவர்கள். அந்தக் குடும்பத்தில் கரையில் நின்று சம்பாதித்தவன் நான் ஒருவன் மட்டுமே.

அந்தக் கந்தோருக்கு ஸரீனா டொக்டர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வயது. தகப்பன் தாயின் ஊர் மன்னார் உப்புக்குளம்; தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போனவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் புத்தளத்தில். குடும்பம் திரும்பி வந்த பிறகு, கேட்டு வாங்கிக்கொண்டு மன்னாருக்கு மாற்றலாகி வந்தவர். வேலையோடு கூடவே, குளத்துச் சேற்றில் இருக்கும் கிருமிகளைப் பற்றி ஒரு பட்டமேற்படிப்பு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் சின்னப் போத்தல்களில் சேறு அள்ளிக்கொண்டு வருவார். சேற்றில் என்ன படிப்பு என்று நாங்கள் கந்தோரில் சிரித்திருக்கிறோம். நானும்தான்.

தாராக்கள் செத்த செய்தி வந்தபோதே கூட ஒரு பெயரும் வந்துவிட்டது. இரத்தினம். குளத்தை ஒட்டிய நாலு ஏக்கர் வயல் அவருடையது. பிந்தி விதைத்த நெல் இன்னும் அறுவடை ஆகவில்லை. தாராக்கள் இரவிரவாக இறங்கித் தின்றும் மிதித்தும் நாசமாக்கிவிட்டன. செய்தி வருவதற்கு ஒரு கிழமை முன்புதான், விவசாயிகள் கூட்டத்தில் எழும்பி நின்று, "இந்தத் தாராக்களுக்கு நான் ஒரு வழி பண்ணுறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார். குளத்தில் பிணங்கள் மிதந்த அன்று, அவருடைய வயல் குடிசையான வாடியில் வெறும் பூச்சிநாசினிப் போத்தல்கள் இரண்டு கிடந்தன. நெல்லுக்கு மருந்தடிக்கிற எல்லோரிடமும் கிடப்பவைதான், ஆனாலும் அது போதுமாக இருந்தது. பொலிசார் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் எடுத்தார்கள். வழக்குப் போட்டு, பிணையில் விட்டார்கள். அவர் படத்தை யாரோ முகநூலில் போட, மனிதனாப் பிறந்ததுதானா என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள்.

அவர்தான் செய்திருப்பார் என்று நானும் நம்பினேன். அதை மறைக்கப் போவதில்லை.

நாங்கள் குளத்துக்குப் போனது செவ்வாய்க்கிழமை காலை. செத்த தாரா நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பலாம் என்று நான் நினைத்தேன். டொக்டரோ செத்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. கரையில் உயிரோடு கிடந்த ஒரு தாராவுக்கு முன்னால், சேற்றிலேயே குந்திக்கொண்டார். ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். வெயில் சுட்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்வேட் அண்ணை, நாசினி குடிச்ச மாட்டைப் பாத்திருக்கிறியள்தானே?" என்று கேட்டார்.

"எத்தினையோ பாத்திருக்கிறன் டொக்டர்."

"எப்பிடிச் சாகும்?"

"வாயில நுரை தள்ளும். உடம்பெல்லாம் நடுங்கும். காலை இழுத்து இழுத்து உதைக்கும்."

"இப்ப இதைப் பாருங்கோ."

அவர் தாராவைத் தூக்கினார். கழுத்து ஈரத்துணி மாதிரித் தொங்கியது. நுரை இல்லை. நடுக்கம் இல்லை. கால்கள் மெத்தென்று கிடந்தன. கண்ணை மூடும் உள்சவ்வு பாதி இறங்கி அப்படியே நின்றது. ஆனால் அந்தக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் பயப்படுவது தெரிந்தது. ஓடத்தான் முடியவில்லை.

"அதுக்கு எல்லாம் விளங்குது. உடம்புதான் சொல்லுக் கேக்குதில்லை" என்றார் டொக்டர். "நாசினி தசையை முறுக்கும். இது தளர்த்துது. ரெண்டும் எதிரெதிர்."

பிறகு செத்த ஒன்றை எடுத்து, பொலித்தீன் விரித்து, அதன் இரைப்பையைத் திறந்தார். உள்ளே நெல் இல்லை. வெள்ளைப் புழுக்கள் பதினொன்று இருந்தன. செத்த பறவைகளில் நெளியும் அதே புழுக்கள்.

அங்கேயே நின்று எனக்குச் சொன்னார். சேற்றுக்குள் ஒரு கிருமி வித்தாக வருடக்கணக்கில் கிடக்குமாம். தண்ணீர் வற்றி, சூடேறி, காற்றில்லாத இடத்தில் ஏதாவது செத்து அழுகினால் அது முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். பெயர் பொட்டுலினம். உலகத்தில் மனிதன் அறிந்த நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லையாம். பிணத்தைத் தின்னும் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது, புழுவின் உடம்பில் சேர்ந்திருக்கும். மூன்று நாலு புழுவைத் தின்ற தாரா விழுந்துவிடும். அது செத்தால் அதில் ஆயிரம் புழு.

"அப்ப இரத்தினமண்ணை செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கு அப்பிடித்தான் தெரியுது. ஆனா எனக்குத் தெரிஞ்சால் மட்டும் போதாது. நிரூபிக்கோணும்."

நிரூபிக்க ஒரு வழிதான் இருந்தது. நோயுற்ற தாராவின் இரத்தத்தை எடுத்து, அதன் தெளிந்த நீரை எலிகளுக்கு ஏற்ற வேண்டும். பாதி எலிகளுக்கு முன்கூட்டியே முறிமருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத எலி செத்து, கொடுத்த எலி பிழைத்தால், அந்த நஞ்சுதான். வேறு எதுவும் அப்படிச் செய்யாது. அந்த முறிமருந்து, கண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில், டொக்டருக்குப் படிப்பித்த ஒரு பேராசிரியையிடம் மட்டும் கொஞ்சம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து தன் ஆராய்ச்சிக்கு எடுப்பித்தது.

சாகக் கிடந்த ஒன்பது தாராக்களில் இரத்தம் எடுத்தோம். எங்கள் கந்தோர்க் குளிர்ப்பெட்டி பழுதாகி இரண்டு மாதம். எனக்கு எமிலின் ஞாபகம் வந்தது. என் மனைவியின் தம்பி. மீன்காரருக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது அவன் தொழில். "கண்டி வரைக்கும் போகோணும், கரையக் கூடாது" என்றேன். "நண்டு கொழும்புக்குப் போகுது, இது போகாதோ" என்று சொல்லி, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ்தூளை அமர்த்தி அமர்த்திப் போட்டு, நடுவில் போத்தல்களை வைத்து ஒட்டுநாடா சுற்றிக் கொடுத்தான். டொக்டர் மறுநாள் காலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். மேல்தட்டில் போடச் சொன்ன கொண்டக்டரோடு வவுனியா வரைக்கும் சண்டை.

டொக்டர் திரும்பி வந்த பிறகு, நாலாம் நாள் முடிவு தொலைபேசியில் வந்தது. எல்லா எலிகளும் சுகமாக ஓடித் திரிந்தன. ஒன்றும் சாகவில்லை.

டொக்டர் தொலைபேசியை மேசையில் வைத்தார். பிறகு எழும்பி, "வாங்கோ, பொலிசுக்குப் போயிட்டு வருவம்" என்றார்.

"என்னத்துக்கு டொக்டர்?"

"முதல் பரிசோதனையில ஒண்டும் வரேல்லை எண்டு சொல்ல."

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "வழக்குக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. சொல்லாம விட்டா ஆருக்குத் தெரியப்போகுது? சொன்னா அந்த மனிசனுக்கெல்லோ பாதகம்."

"இதைச் சொல்லாம விட்டா, நாளைக்கு நான் சொல்லப்போறதை ஆரண்ணை நம்புறது?"

சொல்லிவிட்டுத்தான் வந்தார். அங்கிருந்த ஒருவர் சிரித்ததை நான் பார்த்தேன். டொக்டர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. திரும்பும் வழியில் பாலம் தாண்டும்போது, "பிழை என்னில" என்றார். "சாகப் போறதுகளிலதான் கூட நஞ்சு இருக்கும் எண்டு நினைச்சன். மறுவளம். நஞ்சு நரம்பில போய் இருந்திட்டால் பிறகு இரத்தத்தில தேடிக் காணேலாது. இப்பதான் வருத்தம் பிடிச்சதுகளை எடுத்திருக்கோணும்."

நோய் புதிதாகப் பிடித்தவை பறக்காது. ஆனால் நீந்தும். செட்டையைத் துடுப்பு மாதிரி அடித்துக்கொண்டு நடுக்குளத்துச் சம்புப் புல் பற்றைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தக் குளத்தில் எங்கே கால் வைக்கலாம், எங்கே இடுப்பளவு புதையும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள்தான் இருந்தார்.

இரத்தினம் வீட்டுக்குப் போனபோது அவர் முற்றத்துக் கதிரையில் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். மனைவி சிவலட்சுமி எங்களைக் கண்டு உள்ளே போகவில்லை, வாசலிலே நின்றார்.

"ஐயா, எனக்கு உங்கட உதவி வேணும்" என்றார் டொக்டர். "குளத்துக்குள்ள இறங்கோணும்."

"நான் தாராவோட நிக்க, ஒருத்தன் படமெடுத்துப் போடவோ?"

"எடுக்கட்டும். நானும் பக்கத்திலதான் நிப்பன்."

டொக்டர் நிலத்தில் இருந்துகொண்டு சேறு, வித்து, புழு என்று முழுக்கதையையும் அவருக்கும் சொன்னார். முதல் பரிசோதனை பிழைத்ததையும் ஒளிக்கவில்லை. சிவலட்சுமிதான் கேட்டார்:

"அவ்வளவு பொல்லாத நஞ்சை நீங்கள் ஏன் பிள்ளை தேடித் தேடிப் படிக்கிறியள்?"

நானும் அதுவரை கேட்டறியாத கதையை டொக்டர் அப்போதுதான் சொன்னார்.

"என்ர உம்மாவுக்குக் கழுத்து இடப்பக்கம் திருகினபடி ஆறு வருசம் இருந்தது. தசை தன்ர பாட்டில இறுகி இழுக்கிற வருத்தம். தொழுகை முடியேக்க ரெண்டு பக்கமும் திரும்பி ஸலாம் குடுக்கோணும். உம்மாவுக்கு வலப்பக்கம் திரும்ப ஏலாது. கையால நாடியைத் தள்ளித் தள்ளிப் பாப்பா. ஜின் எண்டவை, பார்வை எண்டவை. நான் மூண்டாம் வருசம் படிக்கேக்க கொழும்பில நரம்பு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். அவர் ஊசி போட்டார். இந்த நஞ்சு."

"இதே நஞ்சோ?"

"ஒரே குடும்பம் அம்மா. இது சி வகை, அது ஏ வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு. நரம்பு தசைக்கு அசை எண்டு சொல்லுற இடத்தில இது குறுக்க நிக்கும். நரம்பும் நல்லா இருக்கும், தசையும் நல்லா இருக்கும், சொல்லு மட்டும் போய்ச் சேராது. இழுத்துக்கொண்டிருந்த தசை ஆறிப்போச்சு. பத்தாம் நாள் உம்மா வலப்பக்கம் திரும்பி ஸலாம் குடுத்தா. மூண்டு நாலு மாசத்துக்கொருக்காப் போடோணும். இப்பவும் போடுறம். வாதத்தால கால் இறுகின சின்னப்பிள்ளையளுக்கும் போடினம். ஆரோ ஒராள் இந்தப் பொல்லாத நஞ்சை விடாமப் படிச்சபடியாத்தானே அது நடந்தது. அதுதான் நானும்."

இரத்தினம் எழும்பி உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பரங்குடன் வெளியே வந்தார். கோழி மூடுகிற பிரம்புக் கூடை. "வலை போட்டால் இறகு முறியும். இதால மூடிப் பிடிப்பம்" என்றார்.

அடுத்த மூன்று நாட்களை நான் மறக்க மாட்டேன். இரத்தினம் முன்னால், டொக்டர் பின்னால், நான் அவருக்குப் பின்னால். இரத்தினம் கால் வைத்த இடத்தில் நாங்கள் கால் வைத்தோம். முதலில் பிணங்களை அள்ளினோம். ஒன்றும் மிச்சம் விடக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. கையுறை போட்டு, சாக்குச் சாக்காக அள்ளிக் கரையில் குழி வெட்டி எரித்தோம். சம்புக்குள் கிடந்த ஒரு பிணத்துக்காக டொக்டர் நெஞ்சளவு தண்ணீரில் போனார். நான் போதும் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஒண்டு கிடந்தாலும் திரும்பத் தொடங்கும்" என்றார். கரையில் ஆட்கள் கூடிப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். இரத்தினம் முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு திருப்பவில்லை.

புதிதாக வருத்தம் பிடித்த இருபத்தாறு தாராக்களைப் பரங்குக் கூடையால் மூடிப் பிடித்தோம். ஒவ்வொன்றிலும் போதிய அளவு இரத்தம் எடுத்து, இந்த முறை ஒன்றோடொன்று கலக்காமல், தனித்தனியே இலக்கம் எழுதி வைத்தார் டொக்டர். எமில் மறுபடியும் ஐஸ் போட்டான். மறுபடியும் அதே பஸ்.

பிடித்த தாராக்களையும், கரையில் உயிரோடு கிடந்த வேறு பதினைந்தையும் விட மனம் வரவில்லை. இரத்தினத்தின் நெல் வைக்கும் கொட்டில் வெறுமையாக இருந்தது. அங்கே வைக்கோல் பரப்பிக் கிடத்தினோம். முறிமருந்து கொடுக்க எங்களிடம் இல்லை. கிணற்றுத் தண்ணீரை மெல்லிய குழாயால் தொண்டைக்குள் இறக்குவதும், நிழலில் வைப்பதும், தலை விழாமல் பார்ப்பதும்தான் வைத்தியம். குழாய் விடுவதை டொக்டர் சிவலட்சுமிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கண்டிக்குப் போனார். சிவலட்சுமி பழைய சேலைகளைக் கிழித்துச் சுருட்டி ஒவ்வொரு கழுத்துக்கும் தலையணை வைத்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாற்பத்தொரு தாராவுக்கும் தண்ணீர்.

"எங்கட நெல்லைத் திண்டதுகளுக்கு நான் தண்ணி பருக்கிறன், பாத்தியளோ" என்று என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே அடுத்ததின் அலகைத் திறந்தார்.

முதல் இரண்டு நாளில் பதினொன்று செத்தன. மூன்றாம் நாள் காலை நான் போனபோது சிவலட்சுமி கொட்டில் வாசலில் நின்று கையால் வரச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் போட வேண்டாம் என்று சைகை. உள்ளே ஒரு பெட்டைத் தாரா தலையைத் தூக்கிக்கொண்டு இருந்தது. சும்மா தூக்கவில்லை. அக்கம் பக்கம் பார்த்தது. இரத்தினம் மூலையில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நரம்பு திரும்பவும் சொல்லத் தொடங்கீட்டுது போல" என்றார் மெதுவாக.

டொக்டரின் அழைப்பு மறுநாள் பகல் வந்தது. இருபத்தாறில் ஏழு தாராக்களின் இரத்தநீரில் நஞ்சு பிடிபட்டது; அந்த நீர் ஏற்றிய எலிகளில் முறிமருந்து பெறாதவை எல்லாம் ஒரு நாளுக்குள் செத்திருந்தன. மூச்சுத் தசை தளர்ந்து, இடுப்பு குளவியின் இடுப்பு மாதிரி ஒடுங்கித்தான் செத்தனவாம். சி வகை முறிமருந்து பெற்றவை மரத்தூளுக்குள் ஓடி விளையாடின. வேறு வகை முறிமருந்து பெற்றவையும் செத்திருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் சந்தோசத்தில் ஏதோ சொல்ல, அவர் குரலில் அந்தளவு சந்தோசம் இருக்கவில்லை.

"எலியள் அண்ணை" என்றார். "ராவு முழுக்கப் பக்கத்தில இருந்து பாத்தன். அதுகளும் ஒரு மனிசனுக்காகத்தான் செத்தது. பேராசிரியை இப்ப எலியில்லாம, கண்ணாடித் தட்டிலயே இந்த நஞ்சைக் காணுற ஒரு முறை செய்துகொண்டிருக்கிறா. என்ர சேத்து மாதிரியளை அதுக்குக் குடுக்கப் போறன்."

வழக்கு நாளன்று டொக்டர் சாட்சி சொன்னார். முதல் பரிசோதனை ஏன் பிழைத்தது என்பதைத்தான் முதலில் சொன்னார், யாரும் கேட்கும் முன்பே. பிறகு மற்றதை. நீதவான் நடுவில் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பொலிசார் சோதனைக்கு அனுப்பியிருந்த செத்த தாராக்களில் நாசினி எதுவும் இல்லை என்ற அறிக்கையும் அதே கிழமையில் வந்து சேர்ந்தது. இரத்தினத்தை விடுவித்தார்கள். வெளியே வந்ததும் அவர் டொக்டரைப் பார்த்துக் கைகூப்பப் போனார். டொக்டர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, "கொட்டிலில எத்தினை நிக்குது?" என்று கேட்டார்.

பிறகும் மூன்று செத்திருந்தன; இருபத்தேழு நின்றன.

அவற்றை அந்தக் குளத்தில் விடவில்லை. வட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றி, தண்ணீர் நிறைந்த இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கூடைகளைத் திறந்தார். சில உடனே எழும்பின. சில தண்ணீரில் இறங்கி, செட்டையை உதறி, ஒரு வட்டம் நீந்திவிட்டு எழும்பின. ஒன்று மட்டும் கனநேரம் யோசித்துக்கொண்டு நின்றது. சிவலட்சுமி அதற்குக் கிட்டப் போய், "போ, போ, உன்ர ஊருக்குப் போ" என்றார். அதுவும் போனது. டொக்டர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியுமட்டும் பார்த்தார். பிறகு பையிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு, அந்தக் குளத்துச் சேற்றிலும் கொஞ்சம் அள்ள இறங்கினார்.

நானும் இரத்தினமும் கரையில் நின்றோம். பல நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"இரத்தினமண்ணை, நானும் நீங்கள்தான் செய்தனீங்கள் எண்டு நினைச்சனான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார். "முதல் நாள் சாக்குப் பிடிக்கேக்க நீர் என்ர முகத்தைப் பாக்கேல்லை."

பிறகு அவரே தொடர்ந்தார்:

"மூண்டாம் நாள் பாத்தனீர். அதுவும் தெரியும்."

கீழே டொக்டரின் ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க இழுக்க மற்றக் காலும் இறங்கியது. அவர் சேற்றுப் போத்தலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார். இரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் இறங்கினேன்.